இன்டக்ரல் கத்தியை மதிப்பிடுவது எப்படி?

கைவினைக் கத்திகளைச் சேகரிப்பவர்களிடையே இன்டக்ரல் என்று அழைக்கப்படும் வகைக்குத் தனி மதிப்பு உண்டு. சாதாரண வேட்டைக் கத்தியில் அலகு ஒரு துண்டு. அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் ஆணியடித்தோ பற்றவைத்தோ சேர்க்கப்படும் போல்ஸ்டர் வேறு துண்டு. பிடியின் பின்முனையில் உலோகத் தொப்பி இருந்தால் அது இன்னொரு துண்டு. இன்டக்ரல் கத்தியில் இவை ஒரே எஃகுக் கட்டியிலிருந்து உருவாகின்றன. அலகு, போல்ஸ்டர், பிடிக்குள் செல்லும் டாங் ஆகிய மூன்றும் ஒரே எஃகாக இருந்தால் அரை இன்டக்ரல் என்றும், பின்முனைத் தொப்பியும் அதே எஃகின் தொடர்ச்சியாக இருந்தால் முழு இன்டக்ரல் என்றும் சேகரிப்பாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுமானம் கைவினைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் தொழிற்சாலைகள் சமையற்கத்திகளின் போல்ஸ்டரை அச்சில் வைத்து அடித்து, அலகோடு சேர்த்தே உருவாக்குவது பழைய வழக்கம். தென்னாப்பிரிக்காவில் தொழிலைத் தொடங்கி 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ், ஏ2 என்ற கருவி எஃகிலிருந்து, உள்ளே குடைந்த பிடியும் அலகும் ஒன்றாகவே அமைந்த கத்திகளைச் செய்தார். ஆயினும் சேகரிப்பாளர்கள் இன்டக்ரல் என்று சொல்லும்போது பெரும்பாலும் மனத்தில் கொள்வது, தனி ஒருவர் தம் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் கத்தியையே. வர்ஜீனியா மாநிலத்தின் கோஷென் ஊரைச் சேர்ந்த எட்மண்ட் டேவிட்சன் முழு இன்டக்ரல் கத்திகளுக்காகவே பெயர் பெற்றவர். ராபர்ட் லவ்லெஸ் (1929–2010) உருவாக்கிப் புகழ்பெற்ற கத்தி வடிவங்களை டேவிட்சன் ஒரே எஃகுக் கட்டியில் வடித்தெடுத்திருக்கிறார். தென் பிரேசிலைச் சேர்ந்த ரொட்ரிகோ ஸ்ஃப்ரெடோ போன்ற கொல்லர்கள் அதே இலக்கை உலையின் வழியாகவும் சம்மட்டியின் வழியாகவும் அடைகிறார்கள்.

இவ்வகைக் கத்தியை முதன்முதலாகக் கையில் எடுப்பவரின் கண் அலகின் பளபளப்பிலும் போல்ஸ்டரின் மேலுள்ள நகாசு வேலையிலும் போய் நிற்பது இயல்பு. அவற்றை நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஃகு தட்டையிலிருந்து தடிமனுக்கு மாறும் மூலைகளையும், எஃகு பிடிப்பொருளைச் சந்திக்கும் விளிம்புகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தனித்தனியாகச் செய்து மெருகேற்றிப் பிறகு பொருத்தும் வசதி இன்டக்ரல் செய்பவருக்கு இல்லை. ஆகவே அவருடைய பொறுமையும் கைத்திறனும் வெளிப்படுவதும் சரி, குறைந்துபோவதும் சரி, இந்த இடங்களில்தான்.

செய்முறையைத் தெரிந்துகொள்வது

செய்முறை தெரியாமல் மதிப்பிட முடியாது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முறை, கனமான எஃகுக் கட்டியை வெட்டிக் குறைத்துக்கொண்டே வருவது. அலகின் தடிமன் 5 மில்லிமீட்டர், போல்ஸ்டரின் தடிமன் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அலகின் நீளம் முழுவதிலும் கட்டியின் முக்கால் பங்கு எஃகு சீவலாகவும் தூளாகவும் போய்விடும். எஃகு இன்னும் கடினப்படுத்தப்படாத நிலையில் மில்லிங் மெஷினில் அலகுப் பகுதியும் டாங் பகுதியும் இருபுறமும் குடையப்படுகின்றன. இருபுறமும் குடையப்படும் ஆழம் ஒன்றாக இல்லாவிட்டால் அலகு கத்தியின் நடுக்கோட்டில் அமையாது. பின்னால் எவ்வளவு அழகாக மெருகேற்றினாலும் அந்தக் கோணல் மறையாது.

மெஷின் தன் வேலையை முடித்த இடத்தில்தான் கடினமான பகுதி தொடங்குகிறது. போல்ஸ்டர் தனித் துண்டாக இருக்கும் கத்தியில், அலகைத் தடையில்லாமல் கிரைண்டரில் சாணை பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து முடித்த பிறகுதான் போல்ஸ்டர் பொருத்தப்படும். இன்டக்ரல் கத்தியிலோ, அலகின் இருபுறமும் போல்ஸ்டர் 7 அல்லது 8 மில்லிமீட்டர் உயரச் சுவராக ஏற்கெனவே எழுந்து நிற்கிறது. கிரைண்டரின் சக்கரமோ பெல்ட்டோ அந்தச் சுவரைத் தொட்டால் அதில் பள்ளம் விழும். தொடாமல் விலகி நின்றால் மூலையில் எஃகு மிச்சமாகும். ஆகவே கடைசிச் சில மில்லிமீட்டர்களை அரத்தாலும், மூலைக்கு ஏற்பச் செதுக்கிய சிறு கட்டைகளில் சுற்றிய உப்புத்தாளாலும் கையால் மட்டுமே முடிக்க முடியும். லவ்லெஸின் சண்டைக் கத்தி வடிவங்கள் சிலவற்றில் உள்ளதுபோல, ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் இரண்டாவது தடுப்பு ஒன்றும் இருந்தால், அந்த இரண்டு தடுப்புகளுக்கும் இடையிலுள்ள உள்வளைவு முழுவதையும் இப்படியே தேய்த்தாக வேண்டும்.

இரண்டாவது முறை உலையில் அடித்து உருவாக்குவது. கொல்லர் பெரும்பாலும் உருண்டையான அல்லது சதுரமான தடித்த தண்டை எடுத்துக்கொள்கிறார். பந்துத் தாங்கிகளுக்குப் பயன்படும் 52100 எஃகு இதற்குப் பலரும் விரும்புவது. தண்டின் ஒரு முனையை அடித்துத் தட்டையாக்கி அலகை இழுப்பார். போல்ஸ்டருக்கு வேண்டிய அளவைத் தண்டின் தடிமனிலேயே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருபுறமும் ஒரே நேரத்தில் அமுக்கும் கருவியில் வைத்து அடித்துக் கழுத்து இறக்கி, மிச்சத்தை டாங்காக நீட்டுவார். எஃகு இம்முறையில் குறைவாகவே வீணாகும். ஆனால் ஒவ்வோர் அடியும் போல்ஸ்டரைச் சிறிது முறுக்கவோ சாய்க்கவோ செய்யும். கழுத்து இறங்கும் இடத்தில் எஃகின் மேற்பரப்பு மடிந்து தன்மேலேயே படிந்துவிட்டால் அந்த மடிப்பு பின்னால் ஒரு மயிரிழைக் கோடாக நிலைத்துவிடும். அடித்துச் செய்த இன்டக்ரலில் போல்ஸ்டரின் முன்னும் பின்னும் உள்ள மூலைகளை உருப்பெருக்கியால் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. மில்லிங் மெஷினைப் பயன்படுத்தியதால் ஒரு கத்தி கைவினைப் பொருள் ஆகாது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. மெஷின் விட்டுச்சென்ற எஃகை யார், எப்படி முடித்தார் என்பதே கேள்வி. அதேபோல, இன்டக்ரல் கத்தி மற்றவற்றைவிட உறுதியானது என்று விற்பனைக் குறிப்புகளில் எழுதப்படுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழு நீள டாங்கும் ஒழுங்காக ஆணியடித்த போல்ஸ்டரும் கொண்ட கத்தி எந்த நியாயமான வேலையையும் தாங்கும். இன்டக்ரலின் நடைமுறை நன்மை வேறு: அலகுக்கும் போல்ஸ்டருக்கும் இடையே இடுக்கு இல்லாததால் அங்கே நீரும் இரத்தமும் புகுந்து துருவை வளர்ப்பதில்லை.

உண்மையிலேயே ஒரே துண்டுதானா?

வெளிப்பார்வைக்கு ஒரே துண்டாகத் தெரியும் கத்திகள் யாவும் இன்டக்ரல் அல்ல. 1985-இல் அறிமுகமான ஜப்பானின் குளோபல் சமையற்கத்திகள் முழுவதும் ஒரே எஃகாகத் தோன்றினாலும், அவற்றின் அலகும் உள்ளீடற்ற பிடியும் தனித்தனியாகச் செய்து பற்றவைக்கப்பட்டவை. அந்நிறுவனம் அதை மறைப்பதில்லை. அது ஒரு நேர்மையான வடிவமைப்பு. பற்றவைத்ததையோ ஆணியடித்ததையோ இன்டக்ரல் என்று சொல்லி விற்கும்போதுதான் பிரச்சினை.

நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். அலகும் போல்ஸ்டரும் சந்திக்கும் மூலையைச் சுற்றி, முதுகுப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விடாமல் பாருங்கள். பற்றவைத்த இடத்தில் சுற்றியுள்ள எஃகிலிருந்து நிறம் மாறுபட்ட மெல்லிய கோடு தெரியும். அலகின் அதே எஃகில் செய்த போல்ஸ்டரை அதே எஃகு ஆணியால் அடித்து மெருகேற்றினால் ஆணியின் தலை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் ஒளி சாய்வாக விழும்படி கத்தியை மெதுவாகத் திருப்பினால், வட்டமான நிழல் ஒன்று ஏதோவொரு கோணத்தில் தோன்றி மறையும். நிக்கல் சில்வர் போல்ஸ்டரை அதன் இலேசான மஞ்சள் சாயலே காட்டிக்கொடுத்துவிடும்.

டமாஸ்கஸ் எஃகில் செய்த இன்டக்ரலில் இந்தச் சோதனை எளிது. அலகிலுள்ள வரிகள் போல்ஸ்டருக்குள் நுழைந்து, அங்கே அகன்றோ நெருங்கியோ ஓடித் தொடர வேண்டும். போல்ஸ்டரின் எல்லையில் சட்டென்று முடிந்து வேறு வரிகள் தொடங்கினால் அவை இரண்டு துண்டுகள். இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கப்படுவது, பல எஃகு அடுக்குகளை உலையில் ஒட்டி அடித்து அமிலத்தால் வரிகளை வெளிக்கொணர்ந்தது. இந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குச் சென்ற, மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிய எஃகில் செய்யப்பட்டு முற்காலத்தில் அப்பெயரால் புகழ்பெற்ற அலகுகளின் வரிகள், எஃகு உறைவதிலும் பிறகு அடிபடுவதிலும் அதற்குள்ளேயே உருவானவை. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை வாங்குபவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கையில் எடுத்துப் பார்க்கும் வரிசை

பக்கவாட்டிலிருந்து எடுத்த படங்களில் எல்லாக் கத்தியும் அழகாகவே தெரியும். நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் முதலில் முதுகுப் பக்கத்தை மேலே வைத்து, முனையிலிருந்து பிடியை நோக்கிப் பாருங்கள். அலகு போல்ஸ்டரின் நடுவிலிருந்து புறப்பட வேண்டும். போல்ஸ்டரின் இருபுறத் தோள்களும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். டாங்கின் விளிம்பு, அதன் இருபுறமும் பொருத்தப்படும் பிடிப் பலகைகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடிப் பின்முனைத் தொப்பியின் மையத்தில் சேர வேண்டும். பிறகு கத்தியைக் கவிழ்த்து வெட்டுவாய்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். அலகின் சரிவு தொடங்கும் கோடுகள் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே வளைவோடு இருக்கின்றனவா என்பது இந்தப் பார்வையில்தான் தெரியும். கையால் செய்ததில் நூலிழை வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக் கோடு மறுபக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அது கைவினையின் அழகன்று.

அடுத்து ஒளி. கண்ணாடி மெருகேற்றிய அலகைக் குழல் விளக்கின் அடியில் பிடித்து, விளக்கின் பிம்பம் அலகின் நீளத்தில் விழும்படி வைத்து மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். சமமாகச் சாணை பிடித்த பரப்பில் அந்த ஒளிக்கோடு தடுமாறாமல் நகரும். மேடுபள்ளம் இருந்தால் அவ்விடத்தில் நெளியும். கையால் தேய்த்து முடித்த மங்கலான பரப்பு என்றால் கீறல்களின் திசையைப் பார்க்க வேண்டும். அவை அலகின் நீளத்துக்கு இணையாக, ஒரே திசையில், முனைவரை ஓட வேண்டும். உப்புத்தாளை முன்னும் பின்னும் இழுக்கும்போது அது நின்று திரும்பும் இடத்தில் வளைந்த சிறு கீறல்கள் விழும். சரிவின் தொடக்கத்தில், போல்ஸ்டரை ஒட்டிய அந்தக் குறுகிய இடத்தில் அவற்றைத் தவிர்ப்பது மிகக் கடினம். அவை இல்லாத இன்டக்ரலைக் கண்டால், செய்தவர் அந்த மூலையில் நெடுநேரம் செலவிட்டிருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

மூலையிலேயே இன்னும் சிறிது நேரம் நில்லுங்கள். போல்ஸ்டரின் முன்முகம் அலகில் இறங்கும் இடத்தில் சிறிய, சீரான உள்வளைவு இருக்க வேண்டும். கத்திபோல் கூர்மையாக வெட்டிய உள்மூலை கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரிந்தாலும், எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும்போது அழுத்தம் அங்கேதான் குவிகிறது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த வளைவை வேண்டுமென்றே விட்டு, அதன் உட்பரப்பையும் மற்றப் பரப்புகளின் அளவுக்கே மெருகேற்றியிருப்பார்கள். வளைவின் அளவு மேலிருந்து கீழ்வரை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிவழியில் அது அகன்றோ குறுகியோ போயிருந்தால் கருவி வழுக்கியிருக்கிறது.

இனிப் பிடி. முழு இன்டக்ரலின் பிடிப் பலகை, முன்னால் போல்ஸ்டர், பின்னால் தொப்பி என்ற இரண்டு அசையாத எஃகுச் சுவர்களுக்கு நடுவே உட்கார வேண்டும். சாதாரணக் கத்தியில் பலகையைச் சற்று நீளமாக வைத்துப் பின்னால் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே பலகை ஒரு தாளின் தடிமன் அளவு நீளமாக இருந்தால் உள்ளே இறங்காது. அதே அளவு குட்டையாக இருந்தால் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியைப் பசையும் மரத்தூளும் கலந்து நிரப்புவது உண்டு. லென்ஸில் பார்த்தால் அது மங்கலான கருங்கோடாகத் தெரியும். சிலர் போல்ஸ்டரின் பின்முகத்தை உள்நோக்கிச் சாய்த்து வெட்டி, பலகையின் முனை அதற்கடியில் போய் மாட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். தச்சர்கள் புறாவின் வால் வடிவில் வெட்டிச் சேர்க்கும் இணைப்பின் தத்துவமே இதுவும். இரு முனைகளிலும் அப்படிச் செய்திருந்தால் பலகையை மேலிருந்து நேராக இறக்க முடியாது, ஓரத்திலிருந்து தள்ளித்தான் நுழைக்க வேண்டும். அந்த வேலையின் சிரமத்தை உணர்ந்தவர்கள் அதற்கு அதிக விலை கேட்பதைக் குறை சொல்லமாட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தைப் போல்ஸ்டரிலிருந்து பிடிக்கும், பிடியிலிருந்து போல்ஸ்டருக்கும், பிறகு டாங்கின் விளிம்பின் குறுக்காகவும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டக்கூடாது. ஆனால் மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் சுருங்கி விரியும் பொருள் என்பதால், வறண்ட ஊரில் செய்த கத்தி சென்னை போன்ற ஈரமான ஊருக்கு வந்தால் பிடியின் ஓரங்களில் மரம் எஃகைவிடச் சற்று எழுந்து நிற்கலாம். பழைய கத்திகளில் இது இயற்கை. புதிதாக வந்த கத்தியில் இருந்தால் செய்தவரிடம் கேட்கலாம். பிசின் ஏற்றிப் பதப்படுத்திய மரமும், துணியையோ தாளையோ அடுக்கிப் பிசினில் இறுக்கிய மிக்கார்ட்டாவும் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தருவதில்லை.

கடைசியாக எடை. போல்ஸ்டரும் தொப்பியும் திண்ணமான எஃகாக இருப்பதால் முழு இன்டக்ரல் கத்தி தன் அளவுக்கு மீறிக் கனக்கும் அபாயம் எப்போதும் உண்டு. பிடிப் பலகைகள் மறைக்கும் டாங்கில் பள்ளங்களைக் குடைந்தும் துளைகளை இட்டும் இந்த எடையைக் குறைப்பார்கள். வெளியே தெரியாத இந்த வேலையைச் செய்முறைப் படங்களில்தான் பார்க்க முடியும். கத்தியை ஆள்காட்டி விரலின் மேல் கிடத்திப் பாருங்கள். வேட்டைக் கத்தியின் சமநிலைப் புள்ளி போல்ஸ்டரை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னாலோ இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். பிடியின் நடுவே போய் நின்றால் அலகு கையில் உயிரற்றுக் கிடக்கும்.

சமையற்கத்தி என்றால் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போல்ஸ்டர் வெட்டுவாய் வரை கீழே இறங்கியிருந்தால், பல முறை சாணை பிடித்த பிறகு வெட்டுவாய் தேய்ந்து மேலேற, போல்ஸ்டர் மட்டும் காய் நறுக்கும் பலகையில் முட்டி நிற்கும். அப்போது அதையும் தேய்த்தாக வேண்டும். போல்ஸ்டரை வெட்டுவாய்க்கு மேலேயே முடித்துவிடும் வடிவமே சமையலுக்குச் சிறந்தது. விரல்கள் அலகைக் கிள்ளிப் பிடிக்கும் இடம் அதுவாகையால், அங்கே எஃகு கூர்விளிம்பு இல்லாமல் சரிந்து இறங்க வேண்டும்.

எஃகும் தோய்ச்சலும்

தடித்த போல்ஸ்டரும் மெல்லிய வெட்டுவாயும் ஒரே துண்டில் இருப்பதால் தோய்ச்சல் கொடுப்பது, அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது, சிக்கலாகிறது. எண்ணெயில் தோய்த்தாலும் காற்றில் ஆறவிட்டாலும் மெல்லிய பகுதி முந்திக் குளிர்கிறது, தடித்த பகுதி வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வேறுபாட்டில் அலகு வளையலாம். தட்டையான கத்தியை இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே அழுத்தி நேராக வைத்தே குளிர்விக்க முடியும். இன்டக்ரலில் போல்ஸ்டர் இடைமறிப்பதால் அந்த வழி எளிதில் கைகொடுப்பதில்லை. போல்ஸ்டர் வெட்டுவாய் அளவுக்குக் கடினமாகாமல் போனால் அது குறையன்று. கடினம் வெட்டுவாயில் இருந்தால் போதும்.

ஏ2 எஃகில் சுமார் 5 சதவீதக் குரோமியம்தான் உண்டு, ஆகவே அது துருப்பிடிக்கும். லவ்லெஸ் கத்தி உலகுக்கு அறிமுகப்படுத்திய 154சிஎம் எஃகிலும், விமானத் தாங்கிகளுக்காக உருவான பிஜி-42 எஃகிலும் சுமார் 14 சதவீதக் குரோமியமும் 4 சதவீத மாலிப்டினமும் உள்ளன. அவை துருவை நன்கு எதிர்க்கும், மெருகேற்றக் கடினமானவை. எந்த எஃகு, ராக்வெல் அளவையில் வெட்டுவாயின் கடினம் எவ்வளவு, தோய்ச்சலைத் தாமே கொடுத்தாரா வெளியே கொடுத்தாரா என்ற மூன்றையும் செய்தவரிடம் கேட்கலாம். வெளியே கொடுப்பது இழிவன்று. அதற்கென்றே உலைகள் வைத்திருப்பவர்கள் பலரைவிட அதை நன்றாகச் செய்கிறார்கள்.

அடித்துச் செய்பவர்களைப் பொறுத்தவரை, 1976-இல் அமைக்கப்பட்ட கத்திக் கொல்லர் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வு ஒரு நல்ல அளவுகோல். தேர்வுக் கத்தி தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டங்களை வெட்டிய பிறகும் முடியை மழிக்க வேண்டும், இறுதியில் 90 பாகை வளைத்தும் ஒடியாமல் இருக்க வேண்டும். அந்தத் தேர்வு சோதிப்பது கொல்லரின் திறமையை; நீங்கள் வாங்கப்போகும் கத்தி அதில் வளைக்கப்பட்டதல்ல.

பிடிப்பொருளும் நகாசும்

போல்ஸ்டரும் தொப்பியும் பெரிய எஃகுப் பரப்புகள் என்பதால் செதுக்குக் கலைஞர்களுக்கு முழு இன்டக்ரல் நல்ல களம். நகாசு வேலையைத் தனியே மதிப்பிடுங்கள்: சுருள்களின் வளைவு ஒரே மூச்சில் ஓடுகிறதா, பின்னணிப் புள்ளிகள் சம ஆழத்தில் உள்ளனவா, எல்லைக்கோடு போல்ஸ்டரின் விளிம்புக்கு இணையாகச் செல்கிறதா என்று பாருங்கள். கத்தியைச் செய்தவரும் செதுக்கியவரும் பெரும்பாலும் வெவ்வேறு பேர்; இருவர் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும். எதுவும் செதுக்காத இன்டக்ரலை நான் அதிகம் விரும்புகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெற்று எஃகு எதையும் ஒளித்துவைக்க முடியாது.

பிடிப்பொருளில் அழகு மட்டுமன்றிச் சட்டமும் கலந்திருக்கிறது. மேலைநாட்டுக் கத்திகளில் மிக உயர்வாகக் கருதப்பட்ட மான்கொம்பு, நம் நாட்டுக் காடுகளில் கடமான் உதிர்த்த கொம்புதான். 1998-இல் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தபின், பழைய கையிருப்பின் விலை ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டில் சட்டப்படி வாங்கிய கடமான்கொம்புப் பிடியோ யானைத்தந்தப் பிடியோ கொண்ட கத்தியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெரும் சிக்கலில் முடியலாம். யானைத்தந்தத்துக்கு மாற்றாக, அழிந்துபோன மாமத யானையின் தந்தத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். குறுக்குவெட்டில் தெரியும் பின்னற்கோடுகளின் கோணம் மாமதத்தில் 90 பாகைக்குக் குறைவாகவும், இன்றைய யானையில் 115 பாகைக்கு மேலாகவும் இருக்கும். ஆனால் பிடிப் பலகையில் குறுக்குவெட்டு முகம் பெரும்பாலும் வெளியே தெரியாது. இந்தியாவில் இருப்பவருக்கு மரமோ மிக்கார்ட்டாவோதான் தொல்லையற்ற தேர்வு.

அலகின் அளவையும் கவனியுங்கள். இந்திய ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி, வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால் ஆயுதப் பட்டியலில் சேரும்.

வாங்குவதற்கு முன்

செய்தவரிடமே நேரடியாகச் சொல்லிச் செய்வதானால் முதலில் கேட்க வேண்டியவை செய்முறைப் படங்கள். கட்டியாகவோ தண்டாகவோ இருந்த எஃகு, குடையப்பட்ட அல்லது அடிக்கப்பட்ட நிலை, தோய்ச்சலுக்குப் பிந்திய நிலை, பிடி பொருத்துமுன் இருந்த டாங் என நான்கைந்து படங்கள் இருந்தால் அது இன்டக்ரல்தானா என்ற ஐயமே எழாது. பின்னாளில் கத்தி கைமாறும்போதும் அந்தப் படங்கள் அதனுடன் செல்லும். பெரும்பாலான கைவினைஞர்கள் இவற்றை மகிழ்ச்சியோடு தருவார்கள். காத்திருக்கும் காலம், முன்பணம், வேலை திருப்தியில்லை என்றால் என்ன செய்வது ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கைமாறி வரும் கத்தியானால் முத்திரையைப் பாருங்கள். பெயர் பெற்றவர்கள் காலப்போக்கில் முத்திரையை மாற்றியிருப்பார்கள், அதனால் அது காலத்தைக் கணிக்க உதவும். லவ்லெஸின் கத்திகளில் கலிஃபோர்னியாவின் லாண்டேல் ஊர்ப் பெயருள்ளவை முந்தியவை, ரிவர்சைட் பெயருள்ளவை பிந்தியவை. அவருடைய முத்திரையைப் போலியாக இட்டவையும் சந்தையில் உலவுவதால், முத்திரை மட்டும் சான்றாகாது. அசல் ரசீது, செய்தவரின் கடிதம், முந்தைய உரிமையாளர்களின் வரிசை ஆகியவையும் வேண்டும். முந்தைய உரிமையாளர் கத்தியை மீண்டும் மெருகேற்றியிருந்தால் முத்திரையின் கோடுகள் ஆழம் குறைந்தும் விளிம்புகள் மழுங்கியும் இருக்கும். விலையைப் பேசும்போது அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பது

தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதைப் பதப்படுத்திய அமிலங்களும் உப்புகளும் அலகைக் கறைப்படுத்தும். உறையைத் தனியாகவும், கத்தியை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியிலும் வையுங்கள். 52100, ஏ2 போன்ற எஃகுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவான ரினைசன்ஸ் மெழுகு எஃகுக்கும் மரத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும். அது கிடைக்காவிட்டால் தையல் எந்திர எண்ணெயை எஃகில் மட்டும் மிக மெல்லியதாகத் தடவலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போவதால் காட்சிக்கு வைக்கும் கத்திக்கு ஏற்றவை அல்ல.

கைபட்ட இடத்தில் வியர்வையின் உப்பு தங்கிவிடும். அலகைத் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே பெட்டிக்குள் வையுங்கள். துடைக்கும்போது போல்ஸ்டரை ஒட்டிய மூலைகளில் துணியின் நுனியை மடித்து நுழைத்துத் துடைக்க வேண்டும், ஏனெனில் துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். புள்ளியாகத் துரு கண்டால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். எண்ணெயிட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் முனையால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் கத்தியைச் செய்தவருக்கே அனுப்புங்கள். அந்த மெருகின் கீறல்கள் எந்தத் திசையில், எந்த அளவுத் தாளால் போடப்பட்டவை என்பது அவருக்குத்தான் தெரியும்.